வெயில் உறைக்காத நிலவில் கடல் உறையாமல் இருப்பது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை மண்மேடுகளில் நடந்தால், சுருண்ட ஓடுகள் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். அம்மோனைட் என்ற கடலுயிரின் மிச்சம் அவை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது.

இங்கே கடல் போய்விட்டது, உயிரின் தடயம் இருக்கிறது. வியாழனின் நிலவான யூரோப்பாவில் கதை நேரெதிர். பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதாக விஞ்ஞானிகள் உறுதியாக நம்புகிறார்கள். உயிர் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

மேற்பரப்பில் குளிர் மைனஸ் 160 டிகிரி. அப்புறம் எப்படிக் கடல்?

ஒரு கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வேகமாக வளைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். சுடும். அடுப்பில் வைக்கவில்லை, வளைத்ததில் வந்த சூடு அது. யூரோப்பாவை வளைப்பது வியாழனின் ஈர்ப்பு. மூன்றரை நாளுக்கு ஒருமுறை யூரோப்பா வியாழனைச் சுற்றுகிறது. பாதை சரியான வட்டமல்ல. நெருங்கும்போது நிலவு இழுபடுகிறது, விலகும்போது தளர்கிறது. பக்கத்து நிலவுகளான அயோவும் கானிமீடும் அந்தப் பாதையை வட்டமாக விடுவதில்லை. அதனால் சூடும் ஓய்வதில்லை.

சரி, ஆளை அனுப்பித் தோண்டலாமே என்கிறீர்களா? வியாழனைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு விடாது. கவசமில்லாமல் அங்கே ஒரு நாள் நின்றாலே உயிருக்கு ஆபத்து.

அதனால் நாசா 2024 அக்டோபர் 14 அன்று அனுப்பிய யூரோப்பா கிளிப்பரில் ஆள் இல்லை. 2030இல் வியாழனை அடையும் அந்தக் கலம் நிலவில் இறங்கப் போவதுமில்லை. சுமார் 50 முறை அருகில் பறந்து, உயிர் வாழத் தோதான இடமா என்று மட்டும் பார்க்கும்.