அளவறிந்து முடுக்குதல்

அளவறிதல் உணவிற்கும் உரைக்குமே உரியதென்று தமிழ் பயிலும் யாம் எண்ணியிருந்தோம். இரும்பிற்கும் அஃது இன்றியமையாதது என்பதை எம் சிற்றப்பாவின் சரக்கு வண்டி எமக்குக் கற்பித்தது. எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்துப் பூட்டிய நான்காம் நாளே, குளிர்விக்கும் நீர் எண்ணெயிற் கலந்து, வண்டி வழியில் நின்றுவிட்டது. மீண்டும் பிரித்த முதிய மெக்கானிக், ஹெட்டுப் போல்ட்டுகளிற் சில மிக எளிதாகவும் சில பெருமுயற்சியாலும் கழன்றமை கண்டார். ஒன்று இடை மெலிந்து நீண்டிருந்தது. முன்னவர் கையுணர்ச்சியை மட்டுமே நம்பி முடுக்கியிருந்தார். அதனால் அக்குடும்பம் ஒரு திங்கள் வருவாயை இழந்தது. அன்று யாம் கேட்டறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

போல்ட்டு வெறும் ஆணியன்று. அஃது ஒருவகை வில் எனலாம். முடுக்குந்தோறும் அது மிகச் சிறிதளவு நீளும்; நீண்டது சுருங்க முயலும் விசையே சிலிண்டர் ஹெட்டைப் பிளாக்கின்மேல் அழுத்திப் பிடிக்கின்றது. நீட்சி விசைக்கு ஒத்து வளரும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்பார் 1678-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். எல்லை கடப்பின் போல்ட்டு மீளாது நீண்டு முறியும். போதாதாயின், எரியும் வாயுவின் அழுத்தத்தாற் காஸ்கட்டு கெடும்.

முறுக்காவது, விசையையும் கைப்பிடியின் நீளத்தையும் பெருக்க வருவது. கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியை 20 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுப்பின், முறுக்கு ஏறத்தாழ 49 நியூட்டன்-மீட்டர் ஆகும். இதனை அளக்குங் கருவியே டார்க் ரெஞ்சு. ஆயினும், செலுத்தும் முறுக்கில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டுகின்றது. எஞ்சியது தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாற் கழியும். ஆதலின் துருவேறிய மரையில், கருவி சரியான எண்ணைக் காட்டினும் பிடிப்புக் குறையும். உலர்ந்த மரைக்குரிய அளவை எண்ணெயிட்ட மரைக்குக் கொள்ளின், போல்ட்டு அளவிறந்து இழுபடும். துளையின் அடியில் எண்ணெய் தேங்கியிருப்பின், அது நெருக்குண்டு பிளாக்கையே பிளக்கவுங் கூடும்.

முறையும் வேண்டும். பெரும்பாலும் நடுவிலுள்ள போல்ட்டிற் றொடங்கி, இருபுறமும் மாறி மாறி வெளிநோக்கிச் செல்லுதல் வேண்டும். முழு அளவையும் இரண்டு மூன்று சுற்றுகளில் ஏற்றுதல் வேண்டும். இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில், முதலிற் சிறிது முடுக்கிப் பின்னர்க் குறித்த பாகையளவு திருப்புமாறு கையேடு விதிக்கும். அங்ஙனம் எல்லைவரை நீட்டப்படும் போல்ட்டுகளை மீண்டும் பூட்டலாகாது, புதியனவே வேண்டும்.

“நாற்பது வருஷம் பழகிய கைக்கும் ரெஞ்சு எதற்கு?” என வினவினோம். “தம்பி, காலையில் இருந்த கை மாலையில் இல்லை, அதனாற்றான். ரெஞ்சையுங்கூட அவ்வப்போது சோதித்துக்கொள்வேன்” என்றார் அவர். பழகாத கை தன்னை நம்பிற்று. பழகிய கையோ அளவை நம்பிற்று. சிற்றப்பாவின் வண்டி இன்று ஓடுகின்றது.