பல்லி ஏன் விழுவதில்லை?

குரும்பகரம் போன்ற ஊர்களில் சாயங்காலம் விளக்கைப் போட்டதும் சுவரில் பல்லி வந்துவிடும், இல்லையா? உத்தரத்தில் தலைகீழாக ஓடினாலும் அது விழுவதில்லையே, ஏன்? காலில் பசை இருக்கிறதா?

இல்லை! அதன் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை சுவரை ஒட்டும்போது, மயிரின் மூலக்கூறுகளில் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்று கணநேரம் பிரியும். உடனே சுவரின் மூலக்கூறுகளும் அப்படியே இருமுனையாகி, ஒன்றையொன்று இழுக்கும். ஒவ்வொரு இழுப்பும் மிகச் சிறியதுதான். ஆனால் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, எல்லாம் சேர்ந்து பல்லியைத் தாங்கிவிடும்.

2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். காலை எடுக்கவோ, மயிரின் சாய்வு மாறினால் போதும், பிடி விட்டுவிடும். அதனால்தான் அந்த வேக ஓட்டம்!

இன்று இரவு பல்லியை விரட்டும் முன், அதன் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.