விலைபோகாதது

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு நிலையான விலை கிடையாது. வரத்து குறைந்தால் ஏறும், மொட்டு விரியத் தொடங்கினால் இறங்கும். சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குப் போகும் ஒரு கிலோ, பனியில் விளைச்சல் சுருங்கிப் பொங்கலும் முகூர்த்தமும் நெருங்கும்போது ஆயிரங்களைத் தாண்டிவிடும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. மல்லிகை கைக்கு எட்டவில்லையா, பிச்சி வாங்கலாம். பிச்சியும் இல்லையா, கனகாம்பரம். ஒன்று இல்லாவிட்டால் அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம் என்பதுதான் விலையின் அடிப்படை.

இதே விஷயத்தைக் கவனித்து, அதிலிருந்து மனிதரைப் பற்றி ஒரு பெரிய முடிவுக்கு வந்தவர் தத்துவவாதி இமானுவேல் கான்ட். 1724-இல் பால்டிக் கடலோரத்துத் துறைமுக நகரமான கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. வாழ்நாள் முழுவதும் அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகாதவர் கான்ட். ஆனால் துறைமுகம் உலகத்தை அவரிடம் கொண்டுவந்தது. அவருடைய மிக நெருங்கிய நண்பரே ஜோசப் கிரீன் என்ற ஆங்கிலேய வணிகர்தான். 1785-இல் வெளிவந்த அறவியல் நூலில், உலகத்தில் உள்ளவை ஒன்று விலையுடையவை, அல்லது மாண்புடையவை என்று கான்ட் பிரிக்கிறார். விலையிலும் இரண்டு வகை. தேவையால் வருவது ஒன்று, விருப்பத்தால் வருவது இன்னொன்று. மாட்டுத்தாவணியில் காய்கறிச் சந்தையும் பூச் சந்தையும் இருப்பதால் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்: தக்காளி முதல் வகை, மல்லிகை இரண்டாவது. மனிதர் இந்த இரண்டிலும் சேர மாட்டார். ஒரு மனிதருக்கு ஈடாக இன்னொருவரை வைக்க முடியாது.

இது கேட்க இனிமையாக இருக்கும். அதனாலேயே பலர் இதை ஒரு நல்லெண்ணமாக மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துபோய்விடுகிறார்கள். கான்ட் சொல்லும் காரணம்தான் வியப்பானது. மனிதர் புத்திசாலி என்பதால் அவருக்கு மாண்பு வந்துவிடவில்லை. புத்திக்கும் திறமைக்கும் சம்பளம் என்ற விலை இருக்கிறது. தான் நடக்கவேண்டிய விதியைத் தன் பகுத்தறிவாலேயே தனக்கு வகுத்துக்கொண்டு, ஆசையும் அச்சமும் வேறு பக்கம் இழுக்கும்போதும் அதன்படி நடக்கக்கூடிய ஒரே உயிர் மனிதர். அந்த ஆற்றலுக்குத்தான் ஈடு இல்லை. சுதந்திரம் என்று அவர் சொல்வதும் அதைத்தான். நினைத்ததைச் செய்வது அவர் கணக்கில் சுதந்திரம் ஆகாது. அப்போது நம்மை நடத்துவது நம் ஆசை.

கான்ட் தரும் உதாரணங்களில் ஒரு கடைக்காரர் வருகிறார். விலை தெரியாத ஒரு குழந்தை கடைக்கு வந்தாலும் மற்றவர்களுக்குச் சொல்லும் விலையையே சொல்கிறார். சரியான செயல், ஐயமில்லை. ஆனால் ஏன் செய்தார்? பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதற்காகவா, ஏமாற்றக்கூடாது என்பதற்காகவா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டு கடைக்காரர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. தராசு இரண்டு இடத்திலும் நேராகத்தான் நிற்கிறது. முதலாமவரை கான்ட் பழிக்கவில்லை. அந்தக் கடைக்காரரின் நேர்மை லாபத்தை ஒட்டி நடக்கிறது, லாபம் திசை மாறினால் அதுவும் மாறலாம், அவ்வளவுதான். இரண்டாமவருடைய நேர்மைக்கு வெளியே ஊன்றுகோல் இல்லை.

ஏமாற்றக்கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது? பெரியவர்கள் சொன்னார்கள், சாமி சொன்னது, சட்டம் சொல்கிறது என்ற பதில்களை அவர் ஏற்க மாட்டார். வேறொருவர் சொல்வதால் செய்தால், செய்பவர் சுதந்திரமானவர் அல்லர். பகுத்தறிவு தானே கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது என்கிறார். நான் பின்பற்றப்போகும் விதியை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று முரண்பாடில்லாமல் என்னால் விரும்ப முடியுமா? காலையில் கடனுக்குப் பூ எடுத்து, விற்றபின் மாலையில் அடைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கும் தெருவோர வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அடைக்கும் எண்ணமே இல்லாமல் ஒருவர் அந்த வாக்கைக் கொடுக்கிறார். எல்லோரும் அப்படியே கொடுத்தால், நாளைக்கு வாக்கு என்ற ஒன்றே இருக்காது; கடனுக்குப் பூவும் கிடைக்காது. நஷ்டம் வரும் என்பது அல்ல இங்கே வாதம். பொய் வாக்கு கொடுப்பவர், மற்றவர்கள் வாக்குத் தவறாமல் இருப்பதையே முதலாக வைத்துப் பொய் சொல்கிறார். எல்லோருக்கும் உள்ள விதியிலிருந்து தன்னை மட்டும் விலக்கிக்கொள்கிறார். தவறு என்று நாம் சொல்லும் பல காரியங்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்த விலக்குதான் இருக்கிறது என்று எனக்கும் தோன்றுகிறது.

இந்த இடத்தில் அறிவியல் குறுக்கிடுகிறது. கான்ட் அறிவியலுக்கு வெளியே நின்று பேசியவர் அல்லர். நியூட்டனில் ஊறியவர். சூரியக் குடும்பம் ஒரு வாயு, தூசு மண்டலத்திலிருந்து ஈர்ப்பு விசையால் திரண்டிருக்கலாம் என்று 1755-இலேயே எழுதியவர். இயற்கையில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன் ஒரு காரணம் உண்டு என்பது அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாத உண்மை. நம் உடலும் மூளையும் அதே இயற்கையின் பகுதிதான். அப்படியானால் கடைக்காரரின் நேர்மையும் அவர் வளர்ப்பு, பழக்கம், நரம்புகள் எல்லாம் சேர்ந்து தள்ளிவிட்ட விளைவுதானே? சுதந்திரத்துக்கு இடம் எங்கே?

இரு நூற்றாண்டுகள் கழித்து இந்தக் கேள்வி ஆய்வகத்துக்கு வந்தது. 1965-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற ஆய்வாளர்கள், மனிதர் தானாகக் கையை அசைப்பதற்குச் சற்று முன்பே மூளையில் ஒரு மின்மாற்றம் எழுவதைப் பதிவு செய்தார்கள். 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட், அசைக்கவேண்டும் என்ற எண்ணம் எப்போது தோன்றியது என்பதை ஆட்களைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் செய்தார். மூளையின் மின்மாற்றம் அசைவுக்கு ஏறத்தாழ அரை விநாடிக்கு முன்பே தொடங்கியது. எண்ணம் தோன்றியதாக அவர்கள் சொன்னதோ ஏறத்தாழ 0.2 விநாடிக்கு முன்பு. மூளை முந்திக்கொள்கிறது, மனம் பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறது என்று பலர் முடிவு கட்டினார்கள். 2012-இல் ஆரன் ஷூர்கரும் அவர் குழுவினரும் வேறு விளக்கம் தந்தார்கள். அந்த மின்மாற்றம் ஏற்கெனவே எடுத்த முடிவின் அறிகுறியாக இருக்கவேண்டியதில்லை. மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் அலைவு தற்செயலாக ஓர் எல்லையைத் தொடும்போது கை அசையலாம்.

விவாதம் முடியவில்லை. ஆனால் கான்ட்டின் பக்கம் நின்று ஒன்றைக் கேட்கவேண்டும். காரணமே இல்லாமல் மணிக்கட்டை அசைப்பதா சுதந்திரம்? அந்தச் சோதனையில் இப்போது அசைப்பதா, அரை விநாடி கழித்தா என்பதில் சரி தவறு எதுவும் இல்லை. பகுத்தறிவுக்கு அங்கே வேலையே இல்லை.

கான்ட்டின் சொந்தச் சோதனை 1788-இல் வந்த நூலில் இருக்கிறது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஓர் அரசன் உங்களை அழைத்து, குற்றமற்ற ஒருவர்மேல் பொய்ச்சாட்சி சொல்லச் சொல்கிறான். மறுத்தால் தூக்கு. மறுத்தே தீருவேன் என்று உறுதி சொல்ல உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் மறுப்பது உங்களால் முடியும் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியுமா? செய்யவேண்டும் என்று தெரிகிறது. அதனாலேயே செய்யமுடியும் என்பதும் தெரிகிறது. சுதந்திரத்தை நாம் நேரே பார்ப்பதில்லை. கடமையின் வழியாகத்தான் அது இருப்பது நமக்குத் தெரியவருகிறது. வெளியே நின்று ஒரு மனிதரைப் பார்க்கும்போது காரணங்களின் சங்கிலி தெரியும். முடிவெடுக்கும் இடத்தில் நிற்பவர் அந்தச் சங்கிலியைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டு பார்வையும் உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது என்பது அவர் முடிவு. எனக்கு இது முழு நிறைவு தரவில்லை. ஆனாலும் இதைவிட நேர்மையான பதிலை நான் படித்ததில்லை.

மதுரையில் இந்தச் சோதனை ஒருமுறை தெருவில் நடந்திருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வழக்கறிஞர் அ. வைத்தியநாதய்யர், அதுவரை சாதியின் பேரால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து, இவர்களோடு சண்முக நாடார். சட்டம் அன்று எந்தப் பக்கம் இருந்தது என்பது அந்த வழக்கறிஞருக்கு நன்றாகவே தெரியும். கமுதி கோயில் வழக்கில் நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருந்தது. அவர் பிறந்த சாதி அவரிடம் எதிர்பார்த்தது வேறு. நுழைந்தபின் அவர்மேலும் கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடுமேலும் எதிர்ப்பு பொங்கியது. பட்டர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பாதுகாப்பு அளித்தது நுழைவுக்குப் பிறகுதான்.

கான்ட்டின் கேள்வியை இங்கே வைத்துப் பார்க்கலாம். தெய்வத்தின் முன் நிற்க எனக்கு உரிமை உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்ற விதியை எல்லோருக்கும் பொதுவாக்க முடியுமா? சொல்பவர் தன்னை மட்டும் விலக்கி உயரத்தில் வைத்துக்கொண்டால்தான் அது நிற்கும். வைத்தியநாதய்யர் கான்ட்டைப் படித்துச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவரை நடத்தியது காந்தியின் இயக்கமும் அவருடைய பக்தியும். பகுத்தறிவின் விதி எல்லோருக்கும் ஒன்று என்றால், அதை அடைய கோனிக்ஸ்பெர்க் வழியாகப் போகவேண்டிய அவசியம் இல்லை. அந்த வழியில் பள்ளங்களும் இருந்தன. மாண்பைப் பற்றி எழுதிய கான்ட்டே, ஐரோப்பியர் அல்லாத இனங்களைத் தாழ்த்தி எழுதியிருக்கிறார். தான் வகுத்த சோதனையில் அவரே அந்தப் பக்கங்களில் தோற்றார்.

கான்ட்டுக்குப் பின் வந்த ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் இந்தியாவைப் பற்றி இன்னும் கடுமையாகப் பேசினார். 1827-இல், பகவத்கீதை பற்றிய மொழியறிஞர் ஹும்போல்ட்டின் ஆய்வுக்கு நீண்ட மதிப்புரை எழுதும்போது, அங்கே கடமை என்று சொல்லப்படுவது பிறந்த சாதியோடு கட்டுண்டது, பகுத்தறிவு தனக்கு வகுத்துக்கொண்ட அறம் அல்ல என்று குறை சொன்னார். இந்தியாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், அலட்சியம் நிறைய. ஆனால் இந்த ஒரு குற்றச்சாட்டை ஐரோப்பியத் திமிர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் அதே குற்றச்சாட்டைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள்தான்.

கான்ட்டிடம் ஹெகல் கண்ட குறையும் முக்கியமானது. கடமை ஒருவர் மனசாட்சிக்குள்ளேயே நின்றுவிட்டால் அது வெறுமையானது. குடும்பம், சமூகம், அரசு ஆகியவற்றின் நடைமுறையில் இறங்கினால்தான் சுதந்திரம் உலகத்தில் இருக்கும் என்றார். மதுரையில் நடந்தது அதற்குச் சாட்சி. அவசரச் சட்டம் அதே ஆண்டில் சட்டமானது. 1947-இல் சென்னை மாகாணத்துக்கு முழுமையான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-இல் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. வைத்தியநாதய்யரின் மனசாட்சியோடு மட்டும் நின்றிருந்தால், அவருக்குப் பின் வாசல் மறுபடியும் மூடியிருக்கும்.

ஆனால் அந்த நாளைப் பேசும்போது நாம் பெரும்பாலும் வழக்கறிஞரோடு நிறுத்திவிடுகிறோம். இங்கேதான் கான்ட்டுக்கும் ஹெகலுக்கும் நடுவில் வந்த தத்துவவாதி ஃபிஹ்டே உதவுகிறார். 1796-இல் அவர் ஒரு வினோதமான கருத்தைச் சொன்னார்: ஒருவர் தன்னைச் சுதந்திரமானவர் என்று தனியாக இருந்து அறிய முடியாது. இன்னொரு சுதந்திரமான மனிதர் அவரை அழைக்கவேண்டும். நீயும் செயல்படக்கூடியவன் என்று அந்த அழைப்பு உணர்த்தவேண்டும். இதை வைத்துப் பார்த்தால் 1939-இன் கதை தலைகீழாகிறது. உள்ளே அழைத்துப்போனவர் கொடுத்தவர், கூடப் போனவர்கள் பெற்றவர்கள் என்பது பாதிக் கதைதான். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் வெறுமனே அழைத்துச் செல்லப்பட்டவர் அல்லர். பின்னாளில், 1957 முதல் 1967 வரை, மாநில அமைச்சராக இருந்து பொதுப்பணியையும் உள்துறையையும் நடத்தியவர். பதவி போனபின் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் சிகிச்சைக்குப் படுத்திருந்தவர். அதிகாரத்தில் இருந்தபோதும் விலைபோகாதவர். அன்று அந்த வாசலைத் தாண்ட அவர்களுக்குத் தேவைப்பட்ட துணிச்சல் வழக்கறிஞருடையதைவிடக் குறைந்தது அல்ல. எதிர்ப்பு திரும்பினால் முதல் அடி விழப்போவது அவர்கள் மேலும் அவர்கள் ஊர்த் தெருக்கள் மேலும்தான். அவர்கள் நடக்கச் சம்மதிக்காமல் இருந்திருந்தால், அந்தக் காலையில் வைத்தியநாதய்யருக்குச் செய்வதற்கு எதுவுமே இருந்திருக்காது.