பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை

பிள்ளை பெற்ற வீட்டில் மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ எழும் பேச்சு ஒன்று உண்டு. "குழந்தையின் முகம் மஞ்சள் பூத்தாற்போல் இருக்கிறதே!" என்பார் ஒருவர். "காலை இளவெயிலில் காட்டுங்கள், தானாய்ப் போய்விடும்" என்பார் பாட்டியார். பெரும்பாலும் பாட்டியாரின் வாக்குப் பலித்துவிடுகிறது. ஆகையால், அது பலிக்காத வீடுகளைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை. அவ்வீடுகளை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறோம்.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறப்போரில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் இம்மஞ்சள் நிறம் தோன்றுகிறது. அசுத்த நீரால் பெரியவர்களிடையே பரவும் காமாலை போன்றதன்று இது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. கருவிலுள்ள குழந்தையின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகுதி. பெரியவர் உடலில் 120 நாள் வாழும் சிவப்பணு, சிசுவின் உடலில் 80 அல்லது 90 நாளே வாழும். அது சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கருவில் இருந்தவரை இதனை நஞ்சின் வழியாக ஏற்று அகற்றும் பொறுப்பைத் தாயின் உடலே சுமந்துவந்தது. பிறந்தபின் குழந்தையின் சொந்த ஈரல் அவ்வேலையை மேற்கொள்ள வேண்டும். இளம் ஈரல் அதற்குப் பழகச் சில நாட்கள் ஆகின்றன. அதுவரை மஞ்சள் தேங்குகிறது. இவ்வளவே சாதாரணக் காமாலையின் வரலாறு. இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தோன்றி, ஐந்தாம் நாளுக்குள் உச்சமடைந்து, இரண்டு வாரத்திற்குள் மறையும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுகப்பிரசவமானால் இன்று இரண்டு மூன்று நாளிலேயே தாயும் சேயும் வீடு திரும்பிவிடுகின்றனர். மஞ்சள் உச்சமடைவதோ அதற்குப் பின். ஆக, அதனை முதலில் காணவேண்டிய கண்கள் வீட்டாருடையவையே.

பிலிருபின் அளவு மீறினால் மூளைக்குள் புகுந்து அதனைச் சிதைக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 மில்லிகிராமைத் தாண்டினால், நிறைமாதக் குழந்தைக்கும் அது அவசர நிலை. குறைமாதக் குழந்தைக்கு இதனினும் குறைந்த அளவே ஆபத்தாகும். மூளை ஒருமுறை கெட்டுவிட்டால் செவி கேளாமையும், கைகால்கள் தம் வசமின்றித் திருகும் நிலையும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். உரிய நேரத்தில் சிகிச்சை செய்தால் தடுக்கக்கூடிய துன்பம் அது என்பதே நம் நெஞ்சை வாட்டுவது.

பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினால் அது ஒருபோதும் சாதாரணமன்று. தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவாகவும் குழந்தையின் இரத்தம் பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். பெரும்பாலும் தலைப்பிள்ளை தப்பிவிடும். அடுத்த பிள்ளையே அல்லற்படும். 1968 முதல் பயன்பாட்டில் உள்ள ஆன்டி-டி ஊசியை, பேறுகாலம் முடிந்த 72 மணி நேரத்திற்குள் தாய்க்குப் போட்டுவிட்டால் இவ்விபத்தைத் தடுக்கலாம். கருச்சிதைவுக்குப் பின்னரும் இது தேவைப்படலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறியா. தாய் ஓ வகை இரத்தமாகவும் குழந்தை ஏ அல்லது பி வகையாகவும் இருப்பதும் மற்றொரு காரணம். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளும் உண்டு. இவர்களுக்குத் துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையின் நெடிகூட இரத்தத்தைச் சிதைக்கும். அதனருகில் வைத்திருந்த பழைய துணியில் குழந்தையைச் சுற்றும் வழக்கத்தை விடுவதே நன்று.

இனி வெயிலின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்து ரோச்ஃபர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பேணிவந்தவர் சிஸ்டர் வார்டு. (அந்நாட்டில் தலைமைச் செவிலியரையும் சிஸ்டர் என்றே அழைப்பர், இவர் கன்னியர் அல்லர்.) நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்திற்குக் கொண்டுசெல்வது இவர் வழக்கம். 1956ஆம் ஆண்டில் ஒருநாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடலெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, துணியின் முனை மூடியிருந்த முக்கோண வடிவான இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றது! சில வாரங்களுக்குப் பின், சன்னலோரத்து வெயிலில் கிடந்த இரத்தக்குழாய் ஒன்றில் பிலிருபின் குறைந்திருப்பதும் தெரியவந்தது. டாக்டர் கிரீமரும் அவருடைய தோழர்களும் நீலவிளக்குத் தொட்டில் அமைத்துச் சோதித்து, 1958இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். தோலில் படும் நீல ஒளி பிலிருபினின் வடிவை மாற்றி, ஈரலின் வழக்கமான மாற்றமின்றியே வெளியேறச் செய்கிறது.

அப்படியானால் பாட்டியார் சொன்னது சரிதானே எனலாம். பாதிதான் சரி. விளக்கொளிக்கு அளவு உண்டு, இளவெயிலுக்கு அளவில்லை. ஆடையின்றி நெடுநேரம் வெயிலில் கிடத்தினால் பிஞ்சுத்தோல் கருகும், உடல்நீர் வற்றும். அன்றியும், ஒளி பட்ட தோல் வெளுத்துவிட, இரத்தத்தில் மஞ்சள் குறையாமலே இருக்கலாம். கண்ணை நம்பி அளவைக் கணிக்க முடியாது; இரத்தச் சோதனை வேண்டும். நீலவிளக்கு போதாத கடும் நிலையில், குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து மாற்று இரத்தம் செலுத்துவர். இந்நிலைக்குப் பெரும்பாலும் தாமதமே காரணமாகிறது.

சர்க்கரை நீர், சேனை, கீழாநெல்லிச் சாறு எதுவும் சிசுவுக்குக் கொடுக்கலாகாது. அவை வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைக் குறைக்கும். சீம்பாலே முதல் மலத்தை இளக்கி, அதனுடன் மஞ்சளையும் வெளியேற்றுகிறது. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்டுக.

பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அடியிலுள்ள மஞ்சள் தெரியும். மாநிறக் குழந்தைக்கு ஈறுகளையும் கண்களின் வெண்மையையும் பார்ப்பது நல்லது. மஞ்சள் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு உறங்கினாலோ, கீச்சுக்குரலில் அழுது முதுகை வில்லாக வளைத்தாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்கு மஞ்சள் பல வாரம் நீடிப்பதுண்டு. அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும் இரண்டு வாரத்தைக் கடந்த எந்தக் காமாலையையும் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். குறிப்பாக, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தும் சிறுநீர் துணியில் மஞ்சள் கறையிட்டும் இருந்தால், பித்தக்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். அதற்கான அறுவைச் சிகிச்சை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். மருத்துவரிடம் போகும்போது அந்தத் துணியையும் துவைக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.