வராத பார்சலுக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: அஞ்சல் நிலையத்தில் கொடுத்த பொருள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், முகவரி மாறிப் போனாலும், உடைந்து நொறுங்கினாலும் அரசு பொறுப்பேற்காது என்று ஆங்கிலேய ஆட்சி 1898-ல் எழுதி வைத்த சட்டப் பாதுகாப்பு, 125 ஆண்டுகள் கழித்து இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

பழைய இந்திய அஞ்சல் நிலையச் சட்டத்தின் 6-வது பிரிவு, அரசே வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தவிர வேறு எதற்கும் அரசைப் பொறுப்பாக்க முடியாது என்றது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்த பிறகும் அஞ்சல் துறையின் முதல் கேடயம் இந்தப் பிரிவுதான். தேசிய நுகர்வோர் ஆணையமும் 1990-களில் இந்த வாதத்தை ஏற்றது.

இச்சட்டத்துக்கு மாற்றாக அஞ்சல் நிலைய மசோதா 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமானது. டிசம்பர் 18-ம் தேதி மக்களவையில் அது நிறைவேறியபோது அவையில் கடும் அமளி. அதே நாளில் மக்களவையின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 33 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய அந்தச் சட்டம் 2024 ஜூன் 18-ம் தேதி நடைமுறைக்கு வந்தது.

அதன் 10-வது பிரிவின்படி, விதிகளில் குறிப்பிடப்படும் பொறுப்பைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் அஞ்சல் துறைக்கு இல்லை. மோசடி செய்தாலோ, வேண்டுமென்றே இழப்பையோ தாமதத்தையோ ஏற்படுத்தினாலோ ஒழிய, ஊழியருக்கும் பொறுப்பு இல்லை. ஆனால், அஞ்சல் துறைக்கு மக்கள் தர வேண்டிய பாக்கியை நிலவரி நிலுவையைப் போல வசூலிக்க இதே சட்டம் வழி செய்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இழப்பீடு எவ்வளவு?

தனியார் கூரியர்களுக்குப் போட்டியாக 1986 ஆகஸ்ட் 1-ல் தொடங்கப்பட்டது விரைவு அஞ்சல் சேவை. பழைய சட்டத்தின் கீழ் 1999-ல் சேர்க்கப்பட்ட விதி, விரைவு அஞ்சல் குறித்த காலத்தில் சேராவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. பொருள் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ கட்டணத்தைப் போல இரு மடங்கு அல்லது ரூ.1000, இவற்றில் எது குறைவோ அதுவே இழப்பீடு.

2025 அக்டோபர் 1-ல் அமலான கட்டணத்தின்படி, 50 கிராம் வரையுள்ள விரைவு அஞ்சலை வெளியூருக்கு அனுப்ப வரி நீங்கலாக ரூ.47. அந்தப் பழைய கணக்கை இதற்குப் பொருத்தினால், தொலைந்துபோன உறைக்கு ரூ.94 கிடைக்கும். உள்ளே இருந்தது கல்விச் சான்றிதழா, நிலப் பத்திரமா என்பது அந்தக் கணக்கில் வராது. பதிவுத் தபால் 2025-ல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், முக்கிய ஆவணங்களை அனுப்புவோருக்கு இனி இந்தச் சேவையே வழி.

முகவரி என்னும் சிக்கல்

ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதப்படும் முகவரிகள் ஆகியவற்றால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானது. முதல் இலக்கம் மண்டலத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. அதற்கு மேல் வீட்டைக் கண்டுபிடிப்பது தபால்காரரின் அனுபவம்.

தனியார் நிறுவனங்களின் பட்டுவாடா ஊழியர்களுக்கு அந்த அனுபவம் வாய்ப்பதில்லை. தலைநகர் தில்லியிலேயே 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வசிப்போரின் சொத்துரிமையை ஏற்க 2019-ல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. வீட்டு எண்கள் வரிசையாக இல்லாத இத்தகைய பகுதிகளில் கோயிலும் தண்ணீர்த் தொட்டியுமே அடையாளங்கள். கைபேசி அழைப்பே முகவரி. அழைப்பை எடுக்கத் தவறினால், "முகவரி சரியில்லை" என்ற குறிப்புடன் பார்சல் திரும்பிவிடும்.

இதற்குத் தீர்வாக, ஹைதராபாத் ஐ.ஐ.டி. மற்றும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்துடன் இணைந்து உருவாக்கிய "டிஜிபின்" முறையை அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. நாட்டின் நிலப்பரப்பைச் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துகள் கொண்ட குறியீட்டை இது அளிக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தில் எந்தத் தளம் என்பதை மட்டும் இது சொல்லாது.

தனியாரிடமும் தடை

தனியார் கூரியர் நிறுவனங்களுக்கு அஞ்சல் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆனால், ரசீதின் பொடி எழுத்துகள் அதே வேலையைச் செய்கின்றன. 1990-ல் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராததால் நஷ்டமடைந்த பாரதி நிட்டிங் கம்பெனிக்கு, மாநில நுகர்வோர் ஆணையம் ரூ.4 லட்சத்துக்கும் அதிகமான இழப்பீடு வழங்கியது. தேசிய ஆணையமோ அதை 100 டாலராகக் குறைத்தது. கூரியர் சீட்டில் கையெழுத்திட்டவரை அதன் நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று கூறி, டிஎச்எல் நிறுவனம் தொடர்பான இந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1996-ல் அதையே உறுதி செய்தது.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு கதவைத் திறந்துள்ளது. நியாயமற்ற ஒப்பந்தங்களை எதிர்த்து மாநில ஆணையத்தை அணுகலாம். புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இணைய வணிகத்துக்கான 2020-ம் ஆண்டு விதிகள், குறைபாடுள்ள பொருளையும், சொன்ன நாளுக்குப் பின் வந்த பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று விற்பனையாளருக்கு உத்தரவிடுகின்றன. இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் நேரும் தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

ஆக, தனியார் கடையில் வாங்கிய பொருளுக்குக் கிடைக்கும் உரிமை, அரசின் அஞ்சலகத்தில் ஒப்படைத்த பொருளுக்குக் கிடைப்பதில்லை. ஒரு லட்சத்து 64 ஆயிரத்துக்கும் அதிகமான அஞ்சலகங்கள் கொண்ட துறை, கூரியர் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கும் செல்கிறது. அங்கே மக்களுக்கு வேறு வழியும் இல்லை. 10-வது பிரிவின்படி பொறுப்பின் அளவை விதிகள் மூலமாகவே நிர்ணயிக்க முடியும். அதற்குப் புதிய சட்டமோ, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்போ தேவையில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும்.