பறக்குமுன் பார்க்க வேண்டியவை



மஸ்ஜித் இந்தியா வீதிக்குப் போகாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் அரிது. சேலை எடுக்கவும், நகை வாங்கவும், இந்தியாவுக்கு விமானச் சீட்டு எடுக்கவும் அங்கே போகிறோம். நம் பெரியவர்கள் ரஜூலா கப்பலிலும், பின்னர் சிதம்பரம் கப்பலிலும் பல நாள் கடலில் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இன்று ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறோம்.

சீட்டு எடுக்கும்போது எத்தனை வெள்ளி, எத்தனை கிலோ சாமான் கொண்டுபோகலாம் என்று கேட்கிறோம். அந்த விமானத்தை யார் பராமரிக்கிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. நம் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றி இன்று சிறிது தெரிந்துகொள்வோம்.

2018ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி இரவு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து கோலாலம்பூருக்கு மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. அதில் 229 பேர் இருந்தார்கள். ஓடுபாதையை விட்டு மேலே எழும்போது, வேகத்தைக் காட்ட வேண்டிய கருவி வேகத்தைக் காட்டவில்லை. ஏன்?

விமானத்தின் மூக்குப் பகுதியில் விரல் பருமனில் சில சிறு குழாய்கள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் காற்று அவற்றுள் புகுந்து அழுத்தும். அந்த அழுத்தத்தைக் கொண்டே விமானத்தின் வேகம் கணக்கிடப்படுகிறது. இவற்றைப் பிட்டோ குழாய்கள் என்பார்கள். பிரிஸ்பேன் விமான நிலையத்தில் குளவித் தொல்லை உண்டு. நம் வீட்டுச் சுவர் ஓட்டையில் குளவி மண்கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் இந்தக் குழாய்களிலும் கட்டிவிடும். அதைத் தடுக்க, விமானம் தரையில் நிற்கும்போது குழாய்களுக்கு உறை மாட்டுவார்கள். உறையிலிருந்து சிவப்புப் பட்டை ஒன்று தொங்கும். புறப்படுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

அன்று மூன்று குழாய்களுக்கும் உறை மாட்டினார்கள். ஒன்றையும் கழற்றவில்லை. புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டியவர்கள் பொறியாளர்களும் விமானிகளும். அந்தச் சோதனைகளில் சில அரைகுறையாக நடந்தன, சில நடக்கவே இல்லை என்று ஆஸ்திரேலிய விசாரணை கண்டது. விமானிகள் வேறு கருவிகளின் துணையால் சுமார் ஒரு மணி நேரத்தில் அதே நிலையத்தில் பத்திரமாக இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

எல்லோருக்கும் அந்த நல்ல நேரம் வாய்ப்பதில்லை. 1996 அக்டோபர் 2ஆம் தேதி, தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து ஏரோபெரு நிறுவனத்தின் விமானம் ஒன்று இரவில் புறப்பட்டது. அதற்கு முன் விமானத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். தண்ணீர் புகாதிருக்க, பக்கவாட்டிலுள்ள சிறு துளைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டினார்கள். வேலை முடிந்தபின் அதைப் பிரிக்க மறந்தார்கள். உயரத்தையும் வேகத்தையும் அறிய உதவும் துளைகள் அவை. விமானம் பசிபிக் கடலைத் தொட்டபோது, கருவி 9,700 அடி உயரத்தில் பறப்பதாகக் காட்டியது. 70 பேரும் மாண்டனர்.

இன்னொரு வகைக் குறை உண்டு. அது மறதியன்று, தெரிந்த பழுதை முழுமையாகத் தீர்க்காமல் விடுவது. 2014 டிசம்பர் 28ஆம் தேதி, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசியா ஏர்ஏசியா விமானம் கடலில் விழுந்து 162 பேர் இறந்தனர். வால்புறச் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் கருவியின் மின்பலகையில், ஈயப்பற்று ஒன்று விரிசல் கண்டிருந்தது. அந்த ஆண்டில் மட்டும் இதே கோளாறு 23 முறை பதிவாகியிருந்தது. அன்றும் வானத்தில் அது திரும்பத் திரும்ப வந்தது. அதைச் சரிசெய்ய முயன்றபோது தானியங்கி நின்றது. அதன்பின் விமானிகளால் விமானத்தை நிலைப்படுத்த இயலவில்லை. விபத்துக்கு விமானிகள் கையாண்ட விதமும் ஒரு காரணமே. ஆனால் 23 முறை வந்த கோளாற்றின் வேரைத் தேடிக் களைந்திருந்தால், அந்த நிலைமையே வந்திராது.

தோட்ட லாரியின் பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொல்கிறார். ஏதோ தட்டிச் சரிசெய்து அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் மீண்டும் அதே புகார். இருபது தடவை புகார் வந்த லாரியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோமா? லாரியையாவது ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது?

பராமரிப்புக்கு ஆளும் வேண்டும், உதிரிப் பாகமும் வேண்டும், நேரமும் வேண்டும். இந்த மூன்றில் எதைக் குறைத்தாலும் பாதுகாப்பு குறையும். 2024இல் மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் தொடர்ந்து கோளாறுகள் ஏற்பட்டபோது, நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சோதனை நடத்தியது. திறமையுள்ள ஆட்களும் பாகங்களும் போதாமல் இருப்பது தெரியவந்தது. அனுபவமுள்ள பலர் வேலையை விட்டு விலகியிருந்தார்கள். நிறுவனத்தின் சேவைச் சான்றிதழை மூன்று ஆண்டிலிருந்து ஓராண்டாக ஆணையம் குறைத்தது. நிறுவனமும் சில பயணங்களைக் குறைத்துக்கொண்டது. கண்காணிப்பவர் கண்டிப்பாக இருந்தால்தான் பயணிக்குப் பாதுகாப்பு என்பதற்கு இது ஒரு சான்று.

பயணிகளாகிய நாம் என்ன செய்யலாம்? முதலாவது, பழுது பார்ப்பதற்காக விமானம் தாமதமானால் முகப்பில் நிற்கும் பெண்ணிடம் சண்டை பிடிக்காதீர்கள். அந்தத் தாமதம் நமக்காகவே. அதற்காகப் பசியோடு காத்திருக்கவும் வேண்டாம். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பயணிகள் பாதுகாப்பு விதிப்படி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவு தர வேண்டும். 2024இல் விதி திருத்தப்பட்டபின், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியுண்டு. இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, சன்னல் வழியே ஏதாவது தொங்குவதையோ, எண்ணெய் ஒழுகுவதையோ கண்டால், நமக்கென்ன தெரியும் என்று பேசாமல் இருக்காதீர்கள். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும், கையால் காட்டினாலும் போதும். அது ஒன்றுமில்லாததாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

மூன்றாவது, நம் பிள்ளைகளில் பலர் இன்று தொழில்நுட்பம் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் விமானங்களைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போகக்கூடும். காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆட்களை எண்ணுவார். ஒருவர் குறைந்தாலும் தெரிந்துவிடும். விமானத்தடியிலும் அதே கணக்குத்தான். மாட்டிய உறை மூன்று என்றால் கழற்றிய உறையும் மூன்றாக இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை இப்போதே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.