நாக்கு சொல்வதும் சொல்லாததும்

மைலோ டின்னின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை எழுகிறதல்லவா? கொக்கோ மணத்துக்கு அடியில், வறுத்த தானியமும் பாகும் கலந்தது போல இன்னொரு மணம் இருக்கும். சற்று நிதானமாக முகர்ந்து பாருங்கள், பிடிபட்டுவிடும். அதுதான் மால்ட்.

மால்ட் என்பது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மருந்துச் சரக்கு அல்ல. குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவதற்காக நம் பெண்கள் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி அரைக்கிறார்களே, அதே வேலைதான். முளைவிடும்போது தானியத்திலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் உண்டாகின்றன. முளைகட்டிய மாவுக் கூழ் சீனி போடாமலே இலேசாக இனிப்பதற்கு அதுவே காரணம். கேழ்வரகுக்குப் பதிலாகப் பார்லியை வைத்துக் கொள்ளுங்கள். பீருக்கு வேண்டிய மால்ட் தயார். சூட்டில் எவ்வளவு வாட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் நிறமும் மணமும் மாறும். கொஞ்சம் வாட்டினால் வைக்கோல் நிறம், ரொட்டி மணம். மேலும் வாட்டினால் பாகு மணம். கருக வறுத்தால் கோப்பிக்கொட்டை.

'குடும்பப் பத்திரிகையில் பீர் கதை எதற்கு?' என்று பாட்டிமார் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கக் கற்றுக் கொடுப்பது நமது நோக்கமல்ல. குடிக்காத வீட்டார் குடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 'இரத்தம் ஊறும்' என்று கறுப்பு ஸ்டவுட் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இருந்து வந்திருக்கிறது. சம்பள நாளில் மலிவுப் போத்தல் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கிளாசில் இருப்பதை எடைபோடத் தெரியாததால் வந்த கேடுகள் பல. ஆகவே, நாக்கும் மூக்கும் நமக்கு என்னென்ன சொல்லும், எவற்றைச் சொல்லாமல் விடும் என்று கொஞ்சம் பார்ப்போம்.

இதற்கு மிகப் பொருத்தமான பாடம், மால்ட் மணம் தூக்கலாக உள்ள ஸ்காட்லாந்து நாட்டுப் பீர். 'ஸ்காட்ச் ஏல்' என்பார்கள். ஸ்காட்ச் விஸ்கியோடு குழப்பிக் கொள்ளாதீர்கள். அது வேறு, இது வேறு. ஸ்காட்லாந்து நமக்கு அந்நிய நாடுமல்ல. 1821இல் சிங்கப்பூரில் வணிகம் தொடங்கி, பிற்காலத்தில் மலாயாவின் பெரிய ரப்பர் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்த கத்ரி கம்பெனியை நிறுவிய அலெக்சாண்டர் கத்ரி ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1981இல் அந்தக் கம்பெனி மலேசியர் கைக்கு வந்த கதை தோட்டத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நம் முன்னோர் சலாம் வைத்த துரைமார்களிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர்.

அந்த ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீரை ஒரு பீப்பாயின் விலையைச் சொல்லியே அழைத்தார்கள். 60 ஷில்லிங் என்றால் இலேசானது, 80 நடுத்தரம், 90க்கு மேல் போனால் பலமானது. மிகப் பலமான வகைக்கு 'வீ ஹெவி' என்று ஒரு செல்லப் பெயர். 'வீ' என்றால் சிறியது, 'ஹெவி' என்றால் கனமானது. எடின்பரோவுக்குப் பக்கத்தில் பிரஸ்டன்பான்ஸ் என்ற ஊரில் ஃபௌலர் என்னும் நிறுவனம் இதைச் சின்னஞ்சிறு போத்தலில் அடைத்து அப்பெயரோடு விற்றது. அளவு சிறிது, சரக்குக் கனம். நம்மூர் சிறு மிளகாய் மாதிரி!

பழைய முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தில் டிராக்வேர் என்ற பழம்பெரும் மாளிகை ஒன்று இருக்கிறது. அங்கே அடைந்து கிடந்த பழைய பீர் காய்ச்சும் அறையைத் தூசு தட்டி, 1965இல் மாளிகைச் சொந்தக்காரர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டுவர்ட் மறுபடி அடுப்பு மூட்டினார். ஓக் மரத் தொட்டிகளில் புளிக்கவைக்கும் அந்தப் பீரின் ஆல்கஹால் அளவு 7.2 விழுக்காடு. பொதுவாக வீ ஹெவி என்றால் ஆறரை முதல் பத்து விழுக்காடு வரை இருக்கும். சாதாரண மஞ்சள் பீரில் சுமார் ஐந்துதான். இதில் மால்ட் அதிகம். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ குறைவு. அதனால் இனிப்பு முன்னே நிற்கும்.

இப்பொழுது சுவைத்து எடைபோடும் விதத்தைப் பார்ப்போம். முதல் விதி, ஐஸ் கட்டி கூடாது. ஸ்டவுட்டில் ஐஸ் போட்டுக் குடிக்கும் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். நம் வெயிலுக்கு அது சுகம்தான். ஆனால் குளிர் மணத்தை அமுக்கிவிடும், இனிப்பை மறைத்துவிடும். ஸ்காட்ச் ஏலை 10 முதல் 13 டிகிரி வரையில் வைத்துச் சுவைப்பார்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் சிறிது நேரம் வைத்தால் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். சுத்தமான கிளாஸ் வேண்டும். சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது.

விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பித்தளைச் செம்பைத் துலக்கியது போன்ற நிறம் முதல் ஆழ்ந்த பழுப்பு வரை இருக்கலாம். ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும். கிளாசை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்து பாருங்கள். குலா மெலாக்கா உருகும் மணம், ரொட்டியின் கருகிய ஓரம், உலர்ந்த திராட்சை, இவை வரவேண்டும். ஸ்டவுட் அப்படியல்ல. அதில் மால்ட் ஆக்காத பார்லியைக் கருக வறுத்துச் சேர்ப்பதால் கோப்பி மணமும் உலர்ந்த கசப்பும் முன்னே வரும். கிள்ளான் கோப்பிக்கடையில் பால் விடாத கறுப்புக் கோப்பி ஒரு மிடறு, கருப்பட்டிப் பாகு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். ஸ்டவுட்டுக்கும் ஸ்காட்ச் ஏலுக்கும் உள்ள பேதம் ஏறக்குறைய விளங்கிவிடும். ஒரு சொட்டு மதுவும் தேவையில்லை! ஸ்காட்ச் ஏலில் புகை மணம் இருந்தே தீரவேண்டும் என்று சிலர் சாதிப்பார்கள். அது விஸ்கியை நினைத்துக் கொண்டு சொல்வது.

பிறகு சிறு மிடறு. நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்க வேண்டும். தேயிலை ருசி பார்ப்பவர்கள் உறிஞ்சித் துப்பிவிடுவார்கள். பீரை எடைபோடுகிறவர்கள் விழுங்குவார்கள். தொண்டையில் இறங்கிய பின் தங்கும் கசப்பும் கணக்கில் சேர வேண்டுமல்லவா? போட்டிகளில் நடுவர்கள் 50 மதிப்பெண்ணுக்குத் தீர்ப்பளிக்கும் ஒரு முறை உண்டு. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் கனத்துக்கு 5, மொத்த நிறைவுக்கு 10. பார்வைக்கு வெறும் மூன்று என்பதைக் கவனித்தீர்களா? கறுப்பாக இருந்தால் பலமானது என்று நம்மவர்கள் எண்ணுவது எவ்வளவு தவறு! நிறம் வறுவலிலிருந்து வருகிறது, பலம் புளித்த சர்க்கரையிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

குறைகளையும் மூக்கு கண்டுபிடிக்கும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது பழைய சரக்கு. தகரக் கூரையின் கீழ், கடை அலமாரியில் மாதக்கணக்கில் வெந்த போத்தல்களில் வரக்கூடியது. வெண்ணெய் மணம் அளவுக்கு மீறினால் புளிப்பு வேலை சரியாக முடியவில்லை. புளித்த காடி வாடை என்றால் கிருமி புகுந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நாக்கு நம்மை ஏமாற்றத் தொடங்குகிறது. ஸ்காட்ச் ஏலின் இனிப்பு, அதன் பலத்தை மூடி மறைத்துவிடும். தொண்டையில் ஓர் இளஞ்சூடு, அவ்வளவுதான் அடையாளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 330 மில்லி போத்தலில் 5 விழுக்காடு என்றால் 13 கிராம் ஆல்கஹால். அதே போத்தலில் 8 விழுக்காடு என்றால் 21 கிராம். நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான். 2016 மார்ச் முதல் அரசாங்கமே கலால் வரியை இந்தக் கணக்கில்தான் போட்டது. அன்று தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி. அந்த விகிதத்தில் முதல் போத்தலுக்கு 2 வெள்ளி 89 காசு, இரண்டாவதற்கு 4 வெள்ளி 62 காசு. வரி வசூலிப்பவருக்குத் தெரிந்த வேறுபாடு குடிப்பவர் நாக்குக்குத் தெரிவதில்லை! மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். 2020 அக்டோபரில் சட்டம் இறுகி, 100 மில்லி இரத்தத்தில் அனுமதித்த ஆல்கஹால் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்துவிட்டது.

தோட்டத்துத் தென்னங்கள்ளிலும் இதே கண்கட்டு வித்தைதான். பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் பதநீர் போல் இனிக்கும், மாலைக்குள் பீரின் பலத்தை எட்டிவிடும், விட்டுவைத்தால் காடி. அந்த இனிப்பு எத்தனை குடும்பங்களின் சம்பளத்தைத் தின்றது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்ற அந்தப் போராட்டத்தில், சம்பள உயர்வோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. சைக்கிளில் போகும்போது துரையைக் கண்டால் இறங்கி நிற்கமாட்டோம் என்பது இன்னொன்று. நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, உயிர்களும் போயின. கள் எவ்வளவு ருசி என்று அறியாதவர்களா அவர்கள்? ருசியை வைத்து அவர்கள் அதை எடைபோடவில்லை.

ஸ்டவுட் மருந்தா?

பெட்டாலிங் ஜெயா பக்கம் சுங்கைவேயில் 1960களின் நடுவிலிருந்து ஸ்டவுட் காய்ச்சப்பட்டு வருகிறது. 1989இல் இரு நிறுவனங்கள் இணைந்து கின்னஸ் ஆங்கர் ஆனது. 2016இல் ஹைனெகன் மலேசியா என்று பெயர் மாறியது. கின்னஸ் உங்களுக்கு நல்லது என்று 1929இல் பிரிட்டனில் தொடங்கிய விளம்பரம், கடல் கடந்து நம் வீட்டுப் பிரசவ அறை வரை வந்துவிட்டது. முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கிக் கொடுப்பாரும் உண்டு.

உண்மை என்ன? ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஸ்டவுட்டில் சுமார் 0.3 மில்லிகிராம் இரும்புச்சத்துதான் இருக்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் வேண்டும் என்பது ஒரு கணக்கு. அதை ஸ்டவுட்டிலேயே எடுப்பதானால் 60 பைண்ட்! பால் சுரக்கும் என்பதும் சரியல்ல. தாய் குடிக்கும் ஆல்கஹால் இரத்தத்தில் உள்ள அளவுக்கே பாலிலும் கலக்கிறது. சுரப்பையும் குறைக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மாமியாரோ அம்மாவோ அன்போடு நீட்டும் கிளாசை மறுப்பது எளிதல்ல, தெரியும். ஈரல் வறுவலும், முருங்கைக்கீரையும், கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் இருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். மால்ட் மணம்தான் வேண்டுமென்றால் முளைகட்டிய கேழ்வரகு மாவு இருக்கவே இருக்கிறது; பிரிக்பீல்ட்ஸ் மளிகைக்கடைகளில் கேளுங்கள்.

நாக்குக்கு எட்டாத நஞ்சு

நாக்கு அறவே அறியாத ஒன்று மெத்தனால். சாதாரண ஆல்கஹாலைப் போன்றே மணக்கும், அதைப் போன்றே சுடும். பத்து ஆண்டு அனுபவமுள்ள சுவைஞரும் கலப்படப் போத்தலில் அதைப் பிரித்தறிய முடியாது. 10 மில்லி கண்ணைப் பறித்துவிடலாம். 30 மில்லி உயிரையே வாங்கிவிடலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இப்படிக் கலப்பட மது குடித்து இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக இங்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஏதோ காட்டில் காய்ச்சிய சரக்கல்ல. லேபிள் ஒட்டி, மூடி போட்டு, விஸ்கி என்றும் பீர் என்றும் பெயர் சூட்டி மலிவாக விற்றவை. இதற்கு நாக்குச் சோதனை உதவாது. வாங்கும் இடத்தையும் விலையையும்தான் சோதிக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக விலை குறைந்திருந்தால் அந்தப் போத்தலைத் தொடாதீர்கள்.

இதன் கொடுமை என்னவென்றால், நஞ்சு உடனே காட்டிக்கொள்ளாது. இரவு குடித்தவர் தூங்கி எழுவார். 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் எல்லாம் தொடங்கும். பார்வை மங்கி, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல் தோன்றும். வீட்டார் 'நேற்றைய போதை தெளியவில்லை' என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் இருக்கின்றன. கிள்ளான் வட்டாரத்தில் இருப்பவர்கள் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கும், மற்றவர்கள் பக்கத்து அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். கூடக் குடித்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் சேர்த்துக் கூட்டிப் போங்கள். மீதமிருக்கும் போத்தலையும் கையோடு எடுத்துக் கொள்ளுங்கள், டாக்டர் கேட்பார்.